சான்றாவணம் பதினான்கு

வடக்கு ஆல்பர்ட்டாவில் ஒரு கர்லிங் அரங்கு.
பனித்தரை மேல் பலகை, பலகை மேல் நாற்காலிகள்.
எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பதாகையை
ஸ்கோர் பலகையை மறைத்துத் தொங்கவிட்டோம்.
அடியில் எட்டிப் பார்த்தது
போன வாரத்து யாரோ ஒருவருடைய தோல்வி.

என் வேலை, சொன்னதை எழுதுவது.
சொல்லாததை எழுதக் கூடாது.
இருமலை எழுதலாமா என்று ஒருமுறை கேட்டேன்.
பேச்சை மறித்தால் மட்டும், என்றார்கள்.

எரிகிற எரிவாயுக் கிணற்றின் பக்கத்தில்
இன்னும் நான்கு கேட்டு விண்ணப்பம்.
ஆளுக்கு ஏழு நிமிடம்.
நிறுவனத்துப் பொறியாளர்
டெசிபல் சொன்னார், ஹெக்டேர் சொன்னார்,
நாற்பத்தொரு கதவிடுக்கில் கடிதம் செருகியதைக்
கலந்தாலோசனை என்று சொன்னார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா
காலையில் எதிர்ப்பட்ட லாரிகளைக்
கையில் கோடு கோடாக எண்ணி வந்திருந்தாள்.
கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து,
"என் மகன் அந்த ரிக்கில்தான் நிற்கிறான்.
அவன் வீட்டுக் கடன்தான் அங்கே எரிகிறது.
அணைக்கச் சொல்கிறவர்கள் அதையும் யோசியுங்கள்"
என்று உட்கார்ந்தார். அறுபத்தாறு நிமிடம்
யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஒரெஸ்ட் ஹால்ச்சுக்.
கோதுமையும் கோழியும்.
"ஒரு சான்று இருக்கிறது. இங்கே கொண்டுவர முடியாது."
"என்ன அது?"
"இரவு."
சிரிப்பு.
(சிரிப்பை எழுதலாம். எழுதினேன்.)

"இரண்டு குளிர்காலமாக என் வீட்டுக்கு அது வரவில்லை.
டிசம்பரிலும் கோழி முட்டையிடுகிறது.
லாபம்தானே என்கிறார்கள்.
கோழியின் முகத்தைப் பார்த்தவர்கள்
அப்படிச் சொல்ல மாட்டார்கள்."

வழக்கறிஞர் ஆட்சேபித்தார்.
ஆணையர் மர்லீன் டெஸ்ஜார்லே
கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார்.
"எவ்வளவு தூரம்?"
"பதினொரு கிலோமீட்டர்."

ஐந்து வண்டிகள். மைனஸ் முப்பத்தொன்று.
கம்பத்தின் உச்சியில் நெருப்பு
துணி கிழிவது போல் கிழிந்துகொண்டே இருந்தது.
பனி ஆரஞ்சு. களஞ்சியம் ஆரஞ்சு.
எங்கள் மூச்சும்.
மர்லீன் கோட்டுப் பையிலிருந்து
மடித்த விண்ணப்பத்தை எடுத்தார்.
நாலாம் பத்தி, பொடி எழுத்து,
டார்ச் இல்லாமல் உரக்கப் படித்தார்:
"ஒளியால் குறிப்பிடத்தக்க பாதிப்பு
எதிர்பார்க்கப்படவில்லை."

அதன்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை.
எனவே எழுத எதுவுமில்லை.
பேனா உறைந்துபோய்ப் பென்சிலால் எழுதினேன்:
நேரம் 11.40. விளக்கு: இல்லை.
சான்றாவணம் பதினான்கு, பார்வையிடப்பட்டது.

ஏப்ரலில் தீர்ப்பு. அறுபத்திரண்டு பக்கம்.
நான்கு கிணறுகளுக்கும் அனுமதி.
ஒன்பதாம் நிபந்தனை:
எரிப்பது மாதம் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமல்,
இரவு பத்துக்கு மேல் இல்லை,
முன்கூட்டியே கடிதம்.

அக்டோபரில் புகார்த் தொலைபேசியில்
எனக்கு இரவுப் பணி. இரண்டேகால் மணி.
"ஹால்ச்சுக் பேசுகிறேன்."
"என்ன புகார்?"
"இருட்டாக இருக்கிறது."

படிவத்தில் நாற்றம் உண்டு, சத்தம் உண்டு,
வெளிச்சம், தண்ணீர், சாலை, பிற.
பிற என்பதைத் தட்டினேன்.
"கோழிகள்?"
"முட்டை நின்றுவிட்டது."
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
"செவ்வாய்க்கிழமை மறுபடி எரிப்பார்களாம்.
கடிதம் வந்திருக்கிறது."
"முன்கூட்டியே வந்ததா?"
"வந்தது."

புகார் எண் கேட்டார், கொடுத்தேன்.
எழுதிக்கொள்ள விளக்கைப் போடும் சத்தம் கேட்டது.